அண்ணன் வந்து மூட்டும் அடுப்பு

அத்தியாயம் பதினேழு

போன வாரம் பெருந்துறையில் ஒரு வீட்டு வாசலில் அங்கப்பனை உட்கார வைத்துவிட்டு வந்தோம். கையில் ஒரு சீப்புப் பூவன்பழம். ஒன்பது வருடமாக அவர் மிதிக்காத வாசல் அது. உள்ளே அண்ணன் நஞ்சுண்டன். தோப்பைப் பாகம் பிரித்தபோது ஒரு கிணற்றுக்காக முறுக்கிக்கொண்டு போன அண்ணன்.

நஞ்சுண்டன் வெளியே வந்தார். பழத்தை வாங்கவில்லை. "உள்ள வா" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"பட்டிப் பொங்கலுக்கு வாரேன், போ. அடுப்பு நாந்தான் மூட்டுவேன்" என்றார். கதவைச் சாத்திக்கொண்டார்.

போதாதா? பொள்ளாச்சி வரைக்கும் அந்தப் பழச்சீப்பை மடியில் வைத்துக்கொண்டு, பஸ்ஸில் தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தார் அங்கப்பன். பக்கத்து சீட்டுக்காரர் ஒரு மாதிரியாகப் பார்த்தார். பார்த்தால் பார்க்கட்டும்.

அந்தக் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. மாட்டுப் பொங்கலன்று தோட்டத்துப் பட்டிக்குள் மூன்று கல் கூட்டி வைக்கிற அடுப்பை, இருப்பவர்களில் மூத்தவர்தான் மூட்ட வேண்டும். மாட்டுக்கும் மண்ணுக்கும் நன்றி சொல்லும் அடுப்பு. அதில் இளையவன் கை முந்தக் கூடாது. அண்ணன் கோபித்துக்கொண்டு போன நாளிலிருந்து அங்கப்பன் பட்டியில் அடுப்பே மூட்டவில்லை. மனைவி ராசாத்தாள் சமையலறையில் கேஸ் அடுப்பில் ஒரு பானை வைப்பாள். கும்பிடுவார்கள், சாப்பிடுவார்கள், முடிந்தது பொங்கல்.

இந்த வருடம் பட்டியில் அடுப்பு எரியப் போகிறது. அதுவும் எந்த லட்சணத்தில் என்கிறீர்கள்!

மகன் தீபக் தென்னந்தோப்பை 'தோப்பு வீடு' என்ற பெயரில் விருந்தினர் விடுதியாக்கிவிட்டதுதான் தெரியுமே. பொங்கலுக்கு அவன் போட்ட திட்டத்தின் பெயர் 'கூட்டுக் குடும்பப் பொங்கல்'. ஆர்.எஸ்.புரத்திலிருந்தும் பெங்களூரிலிருந்தும் கார் காராக வந்து இறங்கியிருந்தார்கள். வந்தவர்கள் கழுத்தில் ஆளுக்கொரு அட்டை. ஒருவர் 'மாமா', ஒருத்தி 'சித்தி', ஜீன்ஸ் போட்ட ஒருவன் 'மச்சான்'. பணம் கட்டினால் உறவு ரெடி.

வீட்டில் மாடு? விற்று வருடக்கணக்காகிறது. பொள்ளாச்சிச் சந்தை வியாபாரி ஒருவரிடம் வாடகைக்குப் பிடித்து வந்து, கொம்புக்குப் பெயின்ட் அடித்துக் கட்டியிருந்தார்கள். பட்டிக்கு மேலே பெரிய பேனர்: 'உழவுக்கு நன்றி, மாட்டுக்கு நன்றி, குடும்பத்துக்கு நன்றி.' நன்றிக்குக் கீழே ஒரு சோபா கடையின் விளம்பரம். அந்தக் கடை அனுப்பிய சிவப்பு சோபா ஒன்று தென்னை மரத்தடியில் கிடந்தது. யார் உட்கார்ந்தாலும் போட்டோ எடுத்தார்கள்.

கேட்டில் ஜமாப் மேளச் செட்டு. உள்ளே எந்த வண்டி நுழைந்தாலும் அடிக்க வேண்டும், ஆரத்தி சுற்ற வேண்டும் என்று உத்தரவு. காலையில் கேஸ் சிலிண்டர் வண்டி வந்தது. அதற்கும் அடித்தார்கள், பொட்டும் வைத்தார்கள். அங்கப்பன் வயிறு குலுங்கச் சிரித்தார்.

"என்ன கூத்து வேணாலும் பண்ணிக்க கண்ணு. என்ற அண்ணன் வாராரில்ல, அது போதும் எனக்கு" என்று மகனிடம் சொல்லிவிட்டார்.

அண்ணன் வருகிறார் என்பதற்காகத்தான் அவர் இத்தனைக்கும் தலையாட்டினார். இதை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.

-

தீபக்கின் மனைவி ரித்திகா காலையிலிருந்து ஆபீஸ் அறையில் ஒரு மூங்கில் கூடைக்குக் காவல். இதுவும் தீபக்கின் யோசனைதான். 'செல்போன் இல்லாப் பொங்கல்.' வந்தவர்கள் எல்லோரும் போனைக் கூடையில் போட்டுவிட வேண்டும். போட்டோவை விடுதியின் ஆளே எடுப்பார், பிறகு அவர்களுக்கே விற்பார். வீட்டு ஆட்களுக்கும் அதே சட்டம். அங்கப்பனின் போனும் கூடைக்குள்தான்.

காலைச் சிற்றுண்டி முடியும் நேரம், கூடைக்குள் ஒரு போன் அடித்தது. நின்றது. மறுபடியும் அடித்தது. மூன்றாம் முறை ரித்திகா கையை விட்டுத் துழாவி எடுத்தாள். மாமனாரின் போன். திரையில் 'பெருந்துறை அண்ணன் ஊடு'.

அடடே, பெரிய மாமா கிளம்பிவிட்டார் போலிருக்கிறது என்று சிரித்துக்கொண்டே எடுத்தாள்.

"சித்தப்பா..." என்று ஒரு குரல் உடைந்தது. நஞ்சுண்டனின் ஒரே மகள் பிந்து.

"நான் ரித்திகா பேசறேன் பிந்து. என்னாச்சு?"

"அண்ணி... அப்பா போயிட்டாருங்க அண்ணி. உங்க ஊட்டுக்கு வர்றதுக்குத்தான் புது வேட்டி கட்டிட்டு நின்னாரு. செருப்பப் போட்டுட்டிருந்தவரு அப்படியே சாஞ்சுட்டாரு. ஆஸ்பத்திரில இல்லைன்னு சொல்லிப்போட்டாங்க."

ரித்திகா ஜன்னல் வழியே மாமனாரைத் தேடினாள்.

"சித்தப்பாகிட்டக் குடுங்க அண்ணி. அம்மா அவரைத்தான் கேக்குது. எனக்குக் கூடப்பொறந்தவன் ஆரும் இல்லீல்ல? கொள்ளி வெக்க அவருதான் வரோணும். அவரு வராம எடுக்க மாட்டேன்னு அம்மா உக்காந்திருக்குது."

பதில் சொல்வதற்குள் பின்னாலிருந்து ஒரு கை வந்து போனை வாங்கிக்கொண்டது. தீபக். எப்போது வந்தானோ, எவ்வளவு கேட்டானோ.

"பிந்து, நான் அண்ணன் பேசறேன். ஐயோ, என்ன சாமி இது... ஆமா, அப்பாகிட்ட இப்பவே சொல்லீடறேன். உடனே கெளம்பறோம். பெரியம்மாவைப் பார்த்துக்க."

அழைப்பைத் துண்டித்தான். கூடைக்குள் போட்டான். மேலே ஒரு துண்டையும் போட்டு மூடினான்.

"போலாங்க" என்று எழுந்தாள் ரித்திகா. "மாமாகிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான்..."

"இப்பச் சொல்ல வேண்டாம்."

"என்னது?"

"சாயங்காலம் பொங்கப்பானை இறங்கட்டும். அதுக்கப்புறம் சொல்லிக்கலாம்."

ரித்திகா அவனையே பார்த்தாள். விளையாட்டில்லை. அவன் நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றது.

"தீட்டு ஆயிரும் ரித்து. பங்காளி சாவு. இப்பச் சொன்னா பட்டியில அடுப்பே பத்தாது. வந்திருக்கறவங்களுக்கு நான் என்னத்தைச் சொல்றது? சாய்சரண் எதுக்கு வந்திருக்காருன்னு தெரியுமில்ல உனக்கு?"

தெரியும். சாய்சரண் பெங்களூர்க்காரர், பெரிய சுற்றுலாக் கம்பெனியின் ஆள். இன்றைக்கு நடப்பது அவருக்குப் பிடித்துவிட்டால் வருடம் முழுக்க சனிக்கிழமை சனிக்கிழமை இங்கே பட்டிப் பொங்கல். ஆம், வாரா வாரம். ஆடியிலும் பொங்கல், ஐப்பசி மழையிலும் பொங்கல். சூரியன் பாடு திண்டாட்டம்தான்.

"பெரியப்பா போயிட்டாருங்க. கொள்ளி வெக்க மாமாதான் போகோணும்."

"போவாரு. சாயங்காலம் போவாரு. போனவரு எங்கயும் ஓடிப்போக மாட்டாரு ரித்து."

சொன்ன பிறகு அவனுக்கே அந்தச் சொல் உறுத்தியிருக்க வேண்டும். முகத்தைத் திருப்பிக்கொண்டான். தீபக் கெட்டவன் இல்லை என்று ஆறாம் அத்தியாயத்திலேயே சொல்லியிருக்கிறேன். ஆனால் கெட்டவனுக்குத்தான் கெட்ட காரியம் கைவரும் என்று யார் சொன்னது?

-

முழுப் பூசணிக்காயைக்கூடச் சோற்றில் மறைத்துவிடலாம். சாவை மறைக்க முடியுமா? அன்று பகல் முழுக்க ரித்திகா மறைத்தாள்.

கூடை அடித்துக்கொண்டே இருந்தது. துண்டுக்கு அடியில் அடித்து அடித்து ஓய்ந்தது. தீபக் வந்து சத்தத்தை அணைத்துவிட்டுப் போனான். அதற்குப் பிறகு கூடையே லேசாக அதிர்ந்தது. அது இன்னும் மோசமாக இருந்தது.

மதியப் பந்தி. வாழை இலை வரிசையில் முதல் இலையில் யாரையும் உட்கார விடவில்லை அங்கப்பன். அதில் தண்ணீர் தெளித்து, ஒரு வெல்லக்கட்டி வைத்து, கூடவே நின்றார்.

"பெரியப்பா, இங்க யாரு?" என்று அட்டை மாட்டிய 'மச்சான்' கேட்டான். தீபக்கின் திட்டப்படி அங்கப்பன் எல்லோருக்கும் பெரியப்பா.

"அது எங்கண்ணனுக்குங்க. வந்துட்டிருக்காருங்க. நாங்க ரெண்டு பேரும் ஒரே இலையில தின்னு வளந்தவங்க. நடுவுல சித்த நாளு புத்தி கெட்டுப்போச்சு."

சொல்லிவிட்டுச் சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தார். ரித்திகா கையிலிருந்த சாம்பார் வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சமையலறைக்கு ஓடினாள். மாமியார் ராசாத்தாள் பின்னாலேயே வந்தாள்.

"என்ன அம்மணி? காலையில இருந்து பச்சத்தண்ணி கூடப் பல்லுல படல. மொகம் பேயடிச்சாப்ல இருக்குது."

"அத்தை, உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணுங்க."

ராசாத்தாள் மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவனோட சண்டையா? எதுவா இருந்தாலும் நாளைக்குச் சொல்லு சாமி. உங்க மாமா மொகத்தைப் பாத்தீல்ல? அண்ணன் போனதுல இருந்து ஒரு பொங்கலுக்காவது அந்த மனுசன் இப்படிச் சிரிச்சிருப்பாரா? இன்னைக்கு ஒரு நாளு அவரு சிரிக்கட்டும். கெடுத்துப்போடாத கண்ணு."

வாய் வரைக்கும் வந்த சொல்லை ரித்திகா விழுங்கிக்கொண்டாள். அடிப்பாவி, அப்போதாவது சொல்லியிருக்கக் கூடாதா? அவளும் பிறகு அதைத்தான் நினைத்து நினைத்து மாய்ந்துபோகப் போகிறாள்.

-

வெயில் தாழ்ந்தது. பட்டிக்குள் சாணத்தால் கரை கட்டி, மஞ்சள் தண்ணீர் ஊற்றி, பூ மிதக்கவிட்டுச் சின்னத் தெப்பக்குளம் ஒன்று தயாராக இருந்தது. பொங்கல் பொங்கியதும் மாடுகள் அதை மிதித்துத் தாண்ட வேண்டும். வாடகை மாடுகள் இடம் புதிதென்று மிரண்டு மிரண்டு நின்றன. அரிசியும் வெல்லமும் தயார். பட்டி வாசலில் காப்புக் கட்டிய வேப்பிலையும் ஆவாரம்பூவும் வாடியிருந்தன. அடுப்பில் விறகு அடுக்கியாகிவிட்டது. நெருப்பு மட்டும்தான் பாக்கி.

ரித்திகா ஆபீஸ் அறைக்குப் போனாள். கூடை அதிர்ந்துகொண்டிருந்தது. இந்த முறை அவள் யாரையும் கேட்கவில்லை, எடுத்தாள்.

பிந்து இல்லை. சாமியாத்தாள். நஞ்சுண்டனின் மனைவி. அந்தம்மாள் அழவில்லை. அழுதிருந்தால் ரித்திகாவுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"ஆரு, ரித்திகாவா? உங்க மாமன் பக்கத்துல இருக்காரா?"

"பெரியத்தை... நான்..."

"வேண்டாம் அம்மணி, கூப்பிட வேண்டாம். இப்பவே சொல்லீடறேன்னு காலையில தீபக்கு சொன்னான். உடனே கெளம்பறோம்னான். பொழுது எறங்கியாச்சு. எத்தனை தடவை கூப்புட்டும் எடுக்கறதில்ல. எனக்குப் புரிஞ்சுபோச்சு. உங்க மாமனுக்குக் கோவம் இன்னும் தீரல."

"ஐயோ, அப்படி இல்லீங்க பெரியத்தை!"

"இருக்கட்டும். அவரு இருந்த வரைக்கும் சொன்ன சொல்லு தவறினதில்ல. பட்டிப் பொங்கலுக்கு வாரேன்னு தம்பிகிட்டச் சொன்னாரு. அதான் நானே கூட்டிக்கிட்டு வாரேன். பொறந்த மண்ணுலயே போகட்டும். கொள்ளி வெக்கறதும் வெக்காததும் உங்க மாமன் இஷ்டம். பல்லடம் தாண்டீட்டோம்."

போன் வைக்கப்பட்டது.

ரித்திகா போனைக் கூடையில் போட்டாள். விழுந்தடித்து ஓடித் தீபக்கைத் தென்னை மறைவுக்கு இழுத்தாள். சொன்னாள். அவன் முகம் வெளுத்துப்போனது. ஆனாலும் என்ன சொன்னான் தெரியுமா?

"பல்லடம்தானே? அவங்க வர்றதுக்குள்ள பொங்கிரும்."

"தீபக், உங்களுக்கென்ன பைத்தியமா?"

"இனி நிறுத்துனா எல்லாமே போச்சு ரித்து. பொங்குன உடனே நானே அப்பா கால்ல உழுந்து சொல்லீடறேன். சத்தியமா."

அவள் பதிலுக்கு நிற்காமல் பட்டிக்குப் போனான். விருந்தினர்கள் வட்டமாக நின்றிருந்தார்கள். சாய்சரண் முன்வரிசையில் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அங்கப்பன் அடுப்புக்குப் பக்கத்தில், தீப்பெட்டியைத் தாம்பூலத் தட்டில் வைத்துக்கொண்டு, கேட்டையே பார்த்தபடி இருந்தார்.

"அப்பா, நேரம் ஆகுதுங்க. நீங்களே மூட்டீருங்க."

"அண்ணன் வரட்டும் கண்ணு."

"பெரியப்பா போன் பண்ணுனாருங்கப்பா. வழியில வண்டி நெரிசலாம். 'பொழுது சாயறதுக்குள்ள தம்பியையே மூட்டச் சொல்லு'ன்னாரு."

செத்தவர் வாயில் சொல்லைப் போட்டுவிட்டான். பின்னாலேயே வந்த ரித்திகா அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள்.

அங்கப்பன் புருவத்தைச் சுருக்கினார். "அண்ணன் அப்படிச் சொல்ல மாட்டாரே. 'அடுப்பு நாந்தான் மூட்டுவேன்'னு வாசல்ல நின்னு சொன்ன மனுசன்."

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு. யாரோ ஒருவர் கொட்டாவி விட்டார். அங்கப்பன் சுற்றிலும் பார்த்தார். அவர் கண் மருமகள் மேல் வந்து நின்றது.

"இங்க வா அம்மணி. இவன் யாவாரத்துக்காக எதையாவது சொல்லுவான். நீ என்றகிட்டப் பொய் சொன்னதில்ல. நீ சொல்லு. அண்ணன் வாராரா?"

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். தீபக் பார்த்தான், கெஞ்சினான், கண்ணாலேயே காலில் விழுந்தான். ராசாத்தாள் தூரத்திலிருந்து சிரித்துத் தலையாட்டினாள்.

"வந்துட்டிருக்காருங்க மாமா" என்றாள் ரித்திகா. "பல்லடம் தாண்டீட்டாருங்க."

அதில் ஒரு எழுத்துப் பொய் இல்லை. அதைவிடப் பெரிய பொய்யை அந்தத் தோப்பு கேட்டதும் இல்லை.

அங்கப்பனின் முகம் மலர்ந்தது. "அப்ப வந்துருவாரு. வந்து திட்டுவாரு, வாங்கிக்கறேன். வர்றப்பப் பானை பொங்கி நிக்கட்டும்." கிழக்கே பார்த்துக் கும்பிட்டார். "அண்ணா, மன்னிச்சுக்கங்க" என்று சொல்லிக் கற்பூரத்தைப் பற்றவைத்து அடுப்பில் போட்டார்.

விறகு பிடித்துக்கொண்டது. விருந்தினர்கள் கைதட்டினார்கள். புகை எழுந்தது, போட்டோக்காரர் சுற்றிச் சுற்றி வந்தார், சாய்சரண் திருப்தியாகத் தலையாட்டினார். ரித்திகா மட்டும் பானையைப் பார்க்கவில்லை. கேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லிவிடு, சொல்லிவிடு என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

பால் நுரைத்து மேலே வந்தது.

"பொங்கலோ பொங்கல்!" என்று சித்திகளும் மாமாக்களும் கத்தினார்கள்.

பானை பொங்கியது. கிழக்கே இல்லை, வடக்கே இல்லை. தெற்குப் பக்கமாகச் சரிந்து, கல்லில் வழிந்து, நெருப்பைப் பாதி அணைத்தது.

விருந்தினர்களுக்கு எந்தப் பக்கமானால் என்ன? கூவினார்கள். அங்கப்பன் கூவவில்லை. ராசாத்தாளும் கூவவில்லை. கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"தெக்க சாஞ்சிருச்சே, ராசாத்தா" என்றார் அவர் மெதுவாக.

"காத்துங்க. காத்துக்குச் சாஞ்சிருக்கும்" என்றாள் அவள். தோப்பில் ஒரு ஓலைகூட அசையவில்லை.

தீபக் அப்பாவை நோக்கி ஓரடி வைத்தான். சொல்லத்தான் போனானோ என்னவோ. அதற்குள் சாய்சரண் வந்து அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். சனிக்கிழமைகளைப் பற்றி ஏதோ பேச ஆரம்பித்தார்.

அப்போதுதான் கேட்டில் ஜமாப் முழங்கியது.

எந்த வண்டி வந்தாலும் அடிக்க வேண்டும் என்பதுதானே உத்தரவு? அடித்தார்கள். காலையில் சிலிண்டர் வண்டிக்கு அடித்ததைவிட உற்சாகமாக, குதித்துக் குதித்து அடித்தார்கள். வாடகை மாடுகள் கயிற்றை இழுத்துக்கொண்டு திமிறின.

"அண்ணன் வந்துட்டாரு!" அங்கப்பனுக்குத் தெற்கும் மறந்தது, பானையும் மறந்தது. தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். "வழி உடுங்க, வழி உடுங்க! எங்கண்ணன் வாராரு!"

"மாமா! மாமா, நில்லுங்க!"

ரித்திகாவின் சத்தம் கொட்டுச் சத்தத்தில் அமுங்கிப்போனது. அறுபதைத் தாண்டிய மனுசன் பையன் மாதிரி ஓடினார். அவள் பின்னால் ஓடினாள். தென்னை வரிசைக்கு நடுவே ஒரு வெள்ளை வண்டி மெல்ல ஊர்ந்து வந்து நின்றது. பட்டுப்பாவாடை கட்டிய பெண் ஒருத்தி ஆரத்தித் தட்டோடு அதன் முன்னால் போய்ச் சிரித்துக்கொண்டே சுற்றினாள்.

அங்கப்பன் முன்கதவுக்கு எதிரில் நின்று, ஓடிவந்த மூச்சு வாங்க, இரண்டு கையையும் கூப்பினார்.

"வாங்கண்ணா. வாங்க!"

முன்கதவு திறந்தது. இறங்கியது டிரைவர். அங்கப்பனைத் தாண்டி வண்டியின் பின்பக்கம் போனார்.

அவருக்குப் பின்னால் சாமியாத்தாள் இறங்கினார். தலை கலைந்திருந்தது. ஆரத்தித் தட்டைப் பார்த்தார். குதித்துக்கொண்டிருந்த ஜமாப்காரர்களைப் பார்த்தார். தூரத்தில் பட்டிக்குள் எழும் புகையையும், இடுப்பில் துண்டோடு சிரித்த முகமாக நிற்கும் கொழுந்தனாரையும் பார்த்தார். கொட்டு ஒவ்வொன்றாக நின்றது.

"நீங்க வரமாட்டீங்கன்னு தெரிஞ்சுதான் நானே உங்கண்ணனைக் கூட்டியாந்தேன்" என்றார் சாமியாத்தாள். "காலையிலயே செத்துப்போன மனுசனுக்குக் கொட்டடிச்சு, பொங்க வெச்சுத்தான் வரவேற்பீங்களா, கொழுந்தனாரே?"

பின்கதவு திறக்கும் சத்தம் கேட்டது. கூப்பிய கை கூப்பியபடியே இருக்க, அங்கப்பன் திரும்பினார்.

தீபக்கை அவர் பார்க்கவில்லை. ரித்திகாவைப் பார்த்தார்.